கக்கூஸ் வாசலில் கப்பல் பாய்

உலகத்தில் உள்ள அத்தனை துறைமுகங்களையும் பார்த்து முடித்த ஒரே ராயபுரத்துக்காரர் கப்பல் பாய்தான். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, ஏடன் என்று எதைக் கேட்டாலும், அங்கே காற்று எந்தப் பக்கம் வீசும், டீயில் சர்க்கரை எவ்வளவு போடுவார்கள் என்பதுவரை சொல்வார். ஆனால் இதில் ஒன்றைக்கூட அவர் கப்பலில் போய்ப் பார்த்ததில்லை. ஊரார் வீட்டுக் கக்கூஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

எங்கள் தெருமுனையில் அவருக்கு ஒரு கடை இருந்தது. உடைத்துப் பிரித்த கப்பல்களிலிருந்து வரும் பழைய சாமான்களை வாங்கி விற்பார். பித்தளை விளக்கு, வட்டக் கண்ணாடி ஜன்னல், தொடை தடிமனுக்குக் கயிறு, எந்த நாட்டுக் கேப்டனோ உட்கார்ந்து தேய்த்த நாற்காலி எல்லாம் கூரைவரை அடைந்து கிடக்கும். தென்சென்னைப் பக்கம் ஓட்டல் திறப்பவர்கள் அலங்காரத்துக்காகத் தேடி வருவார்கள். பாய் அவர்களைப் பெண் கேட்டு வந்தவர்களைப்போல விசாரிப்பார்.

"இந்த வெளக்க எங்க மாட்டப் போற?"

"பில் போடுற டேபிள் மேல, பாய்."

"புயல்ல எரிஞ்ச வெளக்குபா இது. பில்லு மேல தொங்கினா அதுக்குத் தூக்கம் வந்துரும். வேற எதுனா பாரு."

இப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே வியாபாரம் செய்தார். எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்காதீர்கள். அவர் மனைவி தையல் மெஷின் வைத்திருந்தார்.

காசிமேட்டு நண்பர்கள் ஒருமுறை அவரை வற்புறுத்தி ஃபைபர் படகில் ஏற்றியிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்ததுமே முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற ஆப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் பார்த்தார்களாம், படகின் கயிற்றை யாரும் அவிழ்க்கவே இல்லை.

அவரிடம் வந்து சேர்ந்த கப்பல் சாமான்களில் ஒன்றுதான் அந்த ஸ்பிரிங். நீளமான இரும்புச் சுருள், முனையில் சின்னக் கொக்கி, மறுமுனையில் சுற்றுவதற்குக் கைப்பிடி. அதைக் கழிவறைக் கோப்பைக்குள் விட்டுச் சுற்றினால் வளைந்து வளைந்து குழாய்க்குள் போய் அடைப்பைக் குத்தி இழுத்து வரும். கிரேக்கக் கப்பல் கேப்டனின் கக்கூஸில் இருந்தது என்பார் பாய். ஒரு நாள் நான் கைப்பிடியின் துருவைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே 'லூதியானா' என்று எழுதியிருந்தது. காட்டினேன்.

பாய் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகுந்த பரிவோடு சொன்னார்: "பாவம், லூதியானாக்காரன் ஒருத்தன் அந்தக் கப்பல்ல வேல பாத்துகினு இருந்திருப்பான்."

எங்கள் தெரு வீடுகளின் கழிவுக்குழாய்கள் எல்லாம் பழசு. மழை பெய்தால் அடைக்கும், பெய்யாவிட்டாலும் அடைக்கும். அப்போதெல்லாம் பாயிடம்தான் ஓடுவோம். காசு வாங்க மாட்டார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். ஸ்பிரிங் தனியாக வராது, அவரும் கூட வருவார். கைப்பிடியை அந்த வீட்டுக்காரர்தான் சுற்ற வேண்டும், கூலிக்கு ஆள் வைத்துச் சுற்றக் கூடாது.

"உங்க வூட்ல துன்னது, உங்க வூட்ல போனது. அத வேற எவனோ வந்து ஏன் தொடணும்?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

எங்கள் வட்டத்துக் கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டில் அடைத்துக்கொண்டது. அவர் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, "பாய் சொல்றபடி செய்யுங்கடா" என்றார். பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஸ்பிரிங்கைச் சுருட்டித் தோளில் மாலை போலப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பிரமுகர் வாசல்வரை ஓடி வந்து மறித்தார். அரை மணி கழித்து, கூடத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் காத்திருக்க, உள்ளே அவர் கரை வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாய் நாற்காலியில் கண்ணை மூடியபடி, "அவசரப்படாத தலைவரே, இன்னும் மெட்ராஸ் ஹார்பரே தாண்டல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பிரமுகர் மேடையில் என்ன பேசினாலும் எங்கள் தெருவில் மரியாதையாகக் கேட்டார்கள்.

பாய் ஏன் கண்ணை மூடுகிறார் என்பதை ஒருமுறை கூட இருந்தால்தான் புரிந்துகொள்ள முடியும். ஸ்பிரிங்கின் நடுப்பகுதியை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருப்பார். கோப்பைக்குக் கீழே உள்ள முதல் வளைவு ஹார்பர் வாய். அதைத் தாண்டியதும், "ஆங், வெளிய வந்துட்ட. இப்ப நல்ல காத்து கீது. மெள்ள போ" என்பார். இரும்பு குழாய்ச் சுவரில் உரசும் சத்தம் தூரத்தில் அலை புரள்வதுபோலக் கேட்கும். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெதுவாக வரும். கொழும்பு தாண்டும்போது ஏலக்காய் வாசனை அடிக்கிறது என்பார். எந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். ஆனாலும் அடிக்கும். சத்தியமாக எனக்கே அடித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சுவரில் உள்ள பூசணத் திட்டுகள் தீவுகளாகத் தெரியும். ஜன்னல் வழியாக வரும் எண்ணூர் ஆலைப் புகை மூடுபனியாகிவிடும். சுற்றுகிற கை யாருடையது என்று மறந்துபோகும்.

இதில் ஆபத்தும் இருந்தது. பிரசில்லா டீச்சர் வீட்டில் பாய் ரங்கூன் அருகே அப்படியே தூங்கிவிட்டார். டீச்சரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் எதிர்வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. அவர்கள் வீட்டுக் கோப்பையிலிருந்து இரும்புக் கொக்கி ஒன்று தலையை நீட்டி எட்டிப் பார்த்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நானும் கனகாவும் வீட்டாரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் ஊர் தூத்துக்குடி. அப்பா அங்கே மளிகை மொத்த வியாபாரி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்மா மட்டும் திருட்டுத்தனமாகப் போனில் பேசுவார். அப்பா என் பெயரைக்கூடச் சொன்னதில்லையாம். "அந்த மெட்ராஸ்காரன்" என்பாராம். வருடங்கள் இப்படியே போயின.

ஒரு நாள் திடீரென்று அவரே கனகாவுக்குப் போன் செய்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ரயிலில் வருகிறாராம்.

"காலம்பற வந்து குளிச்சிட்டுக் கெளம்பிருவேன். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கனகா போனைப் பிடித்தபடி கூடத்தின் நடுவே நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் துடைப்பத்தை எடுத்தவள்தான், கீழே வைக்கவே இல்லை. ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஃபேன் இறக்கையைத் துடைத்தாள். என்னைக்கூட ஒருமுறை துடைக்கிற பார்வை பார்த்தாள். அவர் வரும் நாள் காலையில் கடைசியாக ஒருமுறை தரையைத் துடைத்து, வாளித் தண்ணீரைக் கழிவறைக் கோப்பையில் ஊற்றினாள். தண்ணீர் போகவில்லை. மெல்ல மேலே ஏறி, விளிம்பைத் தொட்டு, அப்படியே நின்றது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அது முதல் மாடி வாடகை வீடு. கழிவறை ஒன்றுதான். கீழே குடியிருந்த வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்விட்டார், கதவில் பூட்டுத் தொங்கியது. வெந்நீர் ஊற்றினேன். சோடா மாவு போட்டேன். துடைப்பக்கட்டையால் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"எங்கப்பா ரயில் கக்கூஸுக்குப் போவவே மாட்டாவ. தெரியும்லா?" என்றாள் கனகா. "ராத்திரி பூரா அடக்கிக்கிட்டுத்தான் வருவாவ."

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாயிடம் பறந்தேன். கடைத் திண்டில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழு பன்னையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"மாமனார் இன்னா வேல பாக்கறாரு?"

"பாய், வண்டியில ஏறுங்க."

ஸ்பிரிங் மாலையோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். நாற்காலி போட்டோம். நான் கையுறை மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். பாய் கண்ணை மூடினார். ஹார்பர் வாயைத் தாண்டினோம். நல்ல காற்று இருந்தது. அதற்கு அப்புறம் ஸ்பிரிங் எதிலோ மாட்டி நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை.

"ஏதோ பெருசா கீது" என்றார் பாய். "ஒரு ஆளு பத்தாது. ஒருத்தன் தள்ளணும், ஒருத்தன் சுத்தணும்."

"நீங்க தள்ளுங்களேன் பாய்."

"நான் தள்ளினா வழி யாரு பாக்கறது?"

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரயில் அன்றைக்கென்று சரியான நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தது. ஒரு கையில் பை, மறு கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பாவோடு கனகாவின் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி முழுக்க வியர்வை. கனகா, "வாங்கப்பா" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவர் மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று முந்திக்கொண்டது.

"பாத்ரூம் எங்கன இருக்கு?"

அத்தனை வருடம் கழித்து அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் லுங்கியும் கையுறையுமாக, கோப்பைக்கு முன்னால் குந்தியபடி, அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். கையில் கைப்பிடி இருந்ததால் அதையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

"யாருபா வந்தது?" என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

"என் மாமனார்."

"நல்லதாப் போச்சு. கப்பல்ல ஏத்து."

மாமனார் பாயைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே திரும்பி ஆட்டோ பிடித்துப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கனகாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் ஆட்டோவில் குலுங்கிப் போகிற நிலையில் அவர் இல்லை. பையையும் டப்பாவையும் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். என் எதிரே வந்து பல்லைக் கடித்தபடி மெதுவாகக் குந்தினார்.

"நான் தள்ளுதேன்" என்றார். "நீங்க சுத்துங்க, மாப்ள."

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அதை எடுக்கும் சத்தம் கேட்கவே இல்லை.

இருவருமாகச் சேர்ந்து வேலை பார்த்தோம். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு இடம். அவர் மூச்சு என் காதில் பட்டது. ஸ்பிரிங் கொஞ்சம் அசைந்தது.

"பெரியவருக்கு எந்த ஊரு?" என்றார் பாய், தூக்கத்தில் பேசுபவர்போல.

"தூத்துக்குடி."

பாய் கண்ணைத் திறந்தார். இத்தனை வருடத்தில் பயணத்துக்கு நடுவில் அவர் கண் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

"தோணி பாத்துகீறீங்களா? பாய்மரத் தோணி?"

"பாக்கதென்ன? நம்ம கடை வெங்காயம், பருப்பு எல்லாம் தோணியிலதான மாலத்தீவுக்குப் போவுது."

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க நைனா. எப்டிப் போவும்?"

மாமனாருக்குப் பேச்சு ஒரு மருந்தாக இருந்திருக்க வேண்டும். வயிற்றை மறக்க ஏதாவது வேண்டுமே. தள்ளிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். கனமான மூட்டை அடியிலும் வெங்காயம் காற்றுப்படும் இடத்திலுமாக எப்படி அடுக்குவார்கள் என்று சொன்னார். கரையின் வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்துபோன பிறகு தோணியின் மரம் முழுவதும் முனகும் என்றார். காற்று விழுந்துவிட்டால் கடல் எண்ணெய் ஊற்றிய தட்டுபோல ஆகிவிடும், நட்சத்திரம் மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு இருக்கும், தோணி நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் என்றார். சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரே ஒருமுறை போயிருக்கிறாராம். வீட்டில் யாருக்கும் இதுவரை சொன்னதில்லையாம். அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். பாயின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கனகா கதவருகே வந்து தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னக் கழிவறையில் நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் எங்கேயோ இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திடீரென்று என் கையில் பிடி தளர்ந்தது. உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம். விளிம்புவரை நின்ற தண்ணீர் தயங்கி, பிறகு சுழன்று சுழன்று கீழே இறங்கியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஸ்பிரிங்கை இழுத்தோம். கொக்கியில் ஒரு பழைய கோடுபோட்ட துணி வந்தது. கனகா தரை துடைத்த துணி. அப்பாவுக்காக வீட்டைத் துடைத்துத் துடைத்து, வாளியோடு சேர்த்து அதையும் ஊற்றியிருக்கிறாள்.

"போச்சு" என்றார் பாய், ஊர் போய்ச் சேர்ந்த குரலில்.

மாமனார் நிமிர்ந்தார். "எல்லாரும் வெளிய போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் கனகா எல்லோருக்கும் டீ போட்டாள். குளித்துவிட்டு வந்தவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோணிக் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். கனகா, "யப்பா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றாள். அவர் மக்ரூன் டப்பாவைப் பிரித்து முதலில் என் பக்கம் நீட்டினார்.

"தாலிய நாம போயா கட்டணும்? சாப்பாட்டுக்குப் போய்க்கிடலாம்" என்றார். சாப்பாட்டுக்கும் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ரயில் ஏறினார்.

பிறகு ஒருமுறை கனகாவின் அப்பா பாயைத் தூத்துக்குடிக்கே வரவழைத்தார். கரையில் கட்டியிருந்த நிஜத் தோணியில் பலகை போட்டு ஏற்றினார். பாய் மேலே போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். கயிற்றை முகர்ந்து பார்த்தார். அன்று ஆச்சரியமாக வாந்தியெல்லாம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்துவிட்டார்.

"எப்டி பாய் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

யோசித்தார். "நல்லாத்தான் கீது நைனா. ஆனா கண்ண தொறந்துகினு பாத்தா கொஞ்சம் சின்னதா தெரியுது."

போன வருடம் நாங்கள் மாதவரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறிவிட்டோம். எல்லாம் புதுக் குழாய். என்ன போட்டாலும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிறது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பாய்க்குப் போன் செய்து, அடைத்துக்கொண்டது, வர முடியுமா என்று கேட்டேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தோளில் இரும்பு மாலையோடு வந்த மனிதரைக் காவலாளி உள்ளே விட மறுக்க, கனகாதான் கீழே ஓடிப்போய் அழைத்து வந்தாள். நாற்காலி போட்டோம். பாய் ஸ்பிரிங்கில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார். நான் சுற்றினேன். வழவழப்பான குழாயில் அது வெண்ணெயில் போவதுபோலப் போனது. எங்கும் தட்டவில்லை.

"நைனா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அடைப்பு ஒண்ணும் இல்லியே."

நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கனகா கதவருகே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

பாய் கண்ணைத் திறக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சரி, வுடு" என்றார். "வந்தது வந்துட்டோம். மெள்ள சுத்து."